பாதிக்கப்பட்டவர்கள்: ஒருவர்

திங்கட்கிழமை காலை ரஞ்சிதா தன் கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங் சாப்ட்வேரைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து, உங்கள் நிர்வாகி இதைத் தடை செய்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னது. பெட்டியை மூடிவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பெட்டி.

குருபரப்பள்ளிக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் கம்பெனியில் லாரி இன்ஜின்களுக்கு அடியில் அதிர்வு தாங்க வைக்கும் ரப்பர் மவுண்டிங்குகள் செய்தார்கள். நானூற்றிச் சொச்சம் பேர் வேலை. பர்சனல் செக்‌ஷனில் ரஞ்சிதா எட்டு வருடமாக அசிஸ்டென்ட். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மத்திகிரியில் வாடகை வீட்டுக்கு வந்தவள். அவளை அங்கே எடுத்ததற்குக் காரணமே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் கிரேடு பாஸ் செய்திருந்ததுதான். பஸ் நேரம் மாறினாலும், கேன்டீனில் கேஸ் தீர்ந்தாலும், மெடிக்கல் கேம்ப் வந்தாலும் போர்டில் ஒட்டும் தமிழ் நோட்டீஸ் அவள் கையால் வந்தது. விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பாள். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் பதில் சொல்லிக்கொண்டே அடிப்பாள்.

அவள் முனிராஜைக் கூப்பிட்டாள். கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவன் அவன். சூளகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, வெண்டர்களிடம் கன்னடம், மற்றவர்களிடம் தமிழ்.

"லிஸ்ட்ல இல்லாத சாப்ட்வேர் எல்லாம் சனிக்கிழமையோட பிளாக் ஆயிடுச்சுங்க மேடம். ஹெட் ஆபீஸ்ல, புனேல இருந்து பண்றாங்க."

"சரி, நீங்க திறந்து விடுங்க."

"எங்கிட்ட அந்தப் பவரே இல்லைங்க இப்போ. பாஸ்வேர்டு வாங்கிட்டாங்க. நானும் உங்கள மாதிரி சாதா யூசருதான். ஒரு பிரிண்டருக்கு டிரைவர் போடணும்னாகூட டிக்கெட் போட்டுட்டுக் காத்திருக்கணும்."

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. தடை ஏன் வந்தது என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை. போன தீபாவளி முடிந்த வாரம், கம்பெனியின் வேறொரு கிளையில் யாரோ இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு சாப்ட்வேரை இறக்கிப் போட, அதோடு வந்த வைரஸ் எல்லாக் கிளைகளின் ஃபைல்களையும் பூட்டிவிட்டது. ஆறு நாள். அந்த ஆறு நாளும் நானூறு பேர் வருகையை மூன்று ஷிப்டுக்கும் பேனாவால் எழுதியவள் ரஞ்சிதா. விரல் நடுவில் காய்ப்பு விழுந்திருந்தது. ஆகவே கண்டதையும் போடக்கூடாது என்று ஒருவர் சொன்னால் அவள் தலையாட்டுவாள். தன்னுடையதும் கண்டதில் சேர்ந்துவிடும் என்றுதான் நினைத்துப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் குறையைப் புனேவுக்கு எழுதி அனுப்பும் அந்த டிக்கெட்டைப் போட உட்கார்ந்தார்கள். சாப்ட்வேரின் பெயர், தயாரித்த நிறுவனம், லைசென்ஸ் எண். ரஞ்சிதா முனிராஜைப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால், ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி கடையிலிருந்து அவளேதான் பென் டிரைவில் வாங்கி வந்தாள். கடைக்காரர் சும்மாதான் கொடுத்தார். செய்தவர் யார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதை எழுதினீங்கன்னா நீங்கதான் மாட்டுவீங்க" என்றான் முனிராஜ். "விண்டோஸ்லயே தமிழ் கீபோர்டு இருக்குது. அதை ஆன் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க. அது லைசென்ஸ் உள்ளதுதான்."

"அதை நாமளே ஆன் பண்ண முடியாதா?"

"செட்டிங்ஸும் பூட்டிட்டாங்களே."

கடைசிக் கட்டத்தில், பாதிக்கப்பட்ட பயனர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. தமிழில் டைப் அடிப்பவள் கம்பெனியில் அவள் ஒருத்திதான். ஒன்று என்று போட்டாள்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. முன்னுரிமை நான்கு. நாற்பத்தைந்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்.

அவள் ஹெல்ப் டெஸ்க் நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். ரஞ்சிதா தனக்கிருந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து, அடிப்பது நான் ஒருத்தி, படிப்பது நானூறு பேர் என்று விளக்கினாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, படிக்கிறவர்களுக்கு லாகின் உண்டா என்று கேட்டாள். கிடையாது. அப்படியென்றால் அவர்கள் பயனர்கள் ஆகமாட்டார்களே மேடம் என்றாள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம்தான் பாண்டிங் செக்‌ஷனுக்குப் புதுப் பசை வந்தது. இரும்புத் துண்டில் ரப்பர் ஒட்டுவதற்கு முன் பிரஷ்ஷால் தடவுகிற பசை. பழையதைவிடக் காரம் அதிகம். தடவுகிறவர்கள் அறுபத்திரண்டு பெண்கள். வெள்ளிக்கிழமை கஸ்டமர் ஆடிட்; மவுண்டிங் வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து எல்லாவற்றையும் சோதிப்பார். அதற்குள் எச்சரிக்கை நோட்டீஸ் தமிழில் போர்டில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் ஜெகதீஷ் சொன்னார். பர்சனலோடு சேஃப்டியும் அவர் தலையில்தான் இருந்தது. அத்திப்பள்ளியில் வீடு, தினமும் ஜூஜுவாடி நெரிசலைத் தாண்டி வருவார். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது.

"சார், தமிழ் அடிக்க முடியலை. டிக்கெட் போட்டிருக்கேன். நீங்க ஒரு மெயில் போட்டா சீக்கிரம் நடக்கும்" என்றாள் ரஞ்சிதா.

"போடறேன்மா. ஹெட் ஆபீஸ்ல டிரான்ஸ்லேஷன் டூல் ஒண்ணு கொடுத்திருக்காங்க இல்லையா. இங்கிலீஷைப் போட்டாத் தமிழ் வருது. அதை வெச்சு முடிச்சிடு."

"வெளியில டிடிபி கடையில அடிச்சு பிரிண்ட் எடுத்துட்டு வந்திடவா?"

"சிஸ்டத்துல இருந்து நம்பரோட வராத காகிதம் போர்டுல இருக்கக்கூடாது. ஆடிட்டர் முதல்ல அதைத்தான் பார்ப்பார்."

தன் போனில் தமிழில் அடித்து மெயிலில் அனுப்பிப் பார்த்தாள். வைரஸ் வந்ததிலிருந்து சொந்த மெயில்கள் எதுவும் உள்ளே வருவதில்லை. கடைசியில் அந்த டூலைத் திறந்தாள். முழு வாக்கியமாகக் கொடுத்தால் கோணல்மாணலாக வந்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகக் கொடுத்து, வரும் தமிழில் சரியானதை மட்டும் பொறுக்கி எடுத்து, வெட்டி, ஒட்டி, ஒரு வரி செய்தாள். 'கையுறை' சுலபமாகக் கிடைத்தது. 'தேய்க்காதீர்கள்' கிடைக்கவே இல்லை; 'தேய்த்தல்' வந்தது, 'செய்யாதீர்கள்' வந்தது, இரண்டையும் துண்டாடிச் சேர்த்தாள். நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிக்கிறவள், புதன்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து நான்கு வரி முடித்தாள். ஒன்பது வரி வேண்டும். பஸ்ஸுக்கு நேரமானபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இரண்டு வாரம் முன்பே லீவு சொல்லியிருந்தாள். மீதியை வெள்ளி காலையில் சீக்கிரம் வந்து முடித்துவிடுகிறேன் என்று ஜெகதீஷிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை தானே முழு ஆங்கில நோட்டீஸையும் டூலில் போட்டு, வந்ததை நம்பர் போட்டு அச்சடித்து ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ரஞ்சிதா உள்ளே வரும்போதே பாண்டிங் செக்‌ஷன் போர்டுக்கு முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஆறாவது வரி: 'கண்களில் தொடர்பு ஏற்பட்டால், கண்களை நிறையத் தண்ணீரால் பதினைந்து நிமிடங்கள் பறிக்கவும்.' மேலே, வெளியிடுவோர் பர்சனல் பிரிவு என்று இருந்தது.

"ஏன்க்கா, கண்ணைப் பறிக்கறதுக்கு டூல் ரூம்ல ஸ்பேனர் ஏதாவது தருவாங்களா?" என்று கேட்டாள் ராஜாத்தி. காவேரிப்பட்டினத்துப் பெண், வாய்த் துடுக்கு. ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'கழுவவும்' என்று எழுதினாள். "கண்ணுல பட்டா தேய்க்காம, குழாய்க்குக் கீழ பதினஞ்சு நிமிஷம் முழுசாக் கழுவணும். ஞாபகம் வச்சுக்கோங்க" என்று நின்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் சரி சரி என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அடுத்த ஷிப்டுப் பெண்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அன்று மதியத்துக்குள்ளேயே பேனாத் திருத்தம் இருந்த காகிதம் எடுக்கப்பட்டு, அதே பிழையோடு புதுப் பிரதி ஒட்டப்பட்டிருந்தது. நம்பர் போட்ட காகிதத்தில் கையால் திருத்தினால் ஆடிட்டர் குறை எழுதுவார். திருத்தம் வேண்டுமென்றால் புனேவிலிருக்கும் டாக்குமெண்ட் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஏழு நாள் ஆகும் என்றார் ஜெகதீஷ்.

"தப்புன்னு தெரிஞ்சே ஒட்டி வச்சிருக்கோம் சார்."

"ஆடிட் நல்லா முடிஞ்சிருச்சு இல்லையா. ஏழே நாள். விண்ணப்பம் போடு."

போட்டாள்.

பாண்டிங் செக்‌ஷன் பவளம் இது எதற்கும் அங்கே இல்லை. ஐம்பதை நெருங்குகிறவள், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். அறுவடைக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தவள் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தாள். பெரிய டின்னிலிருந்து தட்டில் பசை ஊற்றும்போது தெறித்து இடது கண்ணில் பட்டது. பக்கத்தில் இருந்த ராஜாத்தி அவளை இழுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். இரண்டு கை தண்ணீர் அடித்தாள், துப்பட்டாவால் துடைத்தாள். எரிச்சல் குறைந்தது போல் இருக்க, பவளம் திரும்பப் போய் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். சாயந்தரம் இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கம்பெனி வண்டியில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரஞ்சிதாவும் போனாள்.

கண்ணின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆறிவிடும், பார்வைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். "உடனே ஒரு கால் மணி நேரம் தண்ணி விட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதும்மா. உங்க கம்பெனியில சொல்லித் தரமாட்டாங்களா?"

ரஞ்சிதா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். ராஜாத்தியிடம்தான் வெள்ளிக்கிழமை அதைச் சொல்லியிருந்தாள். மறுநாள் ராஜாத்தியே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "நீங்க சொன்னீங்கக்கா. கண்ணைப் பறின்னு சொல்லிச் சிரிச்சதுதான் மனசுல நின்னுச்சு. பதினஞ்சு நிமிஷம்னு அப்போ தோணவே இல்லை."

விபத்துக்கு ஒரு அறிக்கை எழுத வேண்டும். ஜெகதீஷ் ஆங்கிலத்தில் தயார் செய்து, பவளத்தின் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி ரஞ்சிதாவிடம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அறிவுறுத்தலைத் தொழிலாளி பின்பற்றவில்லை என்று இருந்தது.

ரஞ்சிதா காகிதத்தை மேஜையில் திரும்ப வைத்தாள். "சார், அந்த அறிவுறுத்தல்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீதான் தப்புன்னு சொன்னியே. ஏதோ ஒரு வார்த்தை."

"எந்த வார்த்தைன்னு கேட்கவே இல்லையே நீங்க. கண்ணைப் பறிச்சு எடுன்னு இருக்கு. ஒரு பூவைப் பறிக்கிற மாதிரி. பவளக்கா அதைப் பின்பற்றலைன்னு எழுதியிருக்கீங்க."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "டூல் ஹெட் ஆபீஸ் கொடுத்ததுமா. நான் என்ன பண்றது?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டார். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. காரணம் என்ற இடம் காலியாகவே புனேவுக்குப் போனது.

ரஞ்சிதா தன் டிக்கெட்டைத் திறந்து, இதனால் ஒரு தொழிலாளிக்குக் கண்ணில் காயம் என்று சேர்த்து எழுதினாள். மறுநாள் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, பாதிக்கப்பட்ட பயனர்கள் ஒருவர், முன்னுரிமையில் மாற்றமில்லை. அன்று கேன்டீனில் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். முனிராஜ் டீயோடு எதிரில் வந்து அமர்ந்தான்.

"யாரும் படிச்சுப் பார்த்துப் போடற பதில் இல்லைங்க அது. அந்த நம்பரை மட்டும் பார்த்து சிஸ்டமே போடுது. நூறு பேருன்னா தானா மேல போயிடும். அப்போதான் ஒரு மனுஷன் கண்ணுல படும்."

"நூறு பேருக்கு நான் எங்க போவேன்? லாகின் இருக்கணுமாமே."

முனிராஜ் கேன்டீன் வாசலைப் பார்த்தான். அங்கே லீவு சொல்லவும் பஸ் ரூட் பார்க்கவும் ஒரு தொடுதிரை மெஷின் இருந்தது. தொழிலாளர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் திறக்கும். "அதுல கீழ ஹெல்ப்னு ஒரு பட்டன் இருக்குதுங்க. யாரும் அமுக்கினதில்லை. அதுவும் இதே டிக்கெட் சிஸ்டத்துக்குத்தான் போவுது. கார்டு காட்டிட்டா அவங்களும் யூசருதான்." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான். "நான் சொன்னதா எங்கயும் வரக்கூடாதுங்க."

ரஞ்சிதா போய்ப் பார்த்தாள். பட்டனை அமுக்கினால் ஆங்கிலத்தில் ஆறு வரி வந்தது. மூன்றாவது வரி, ஆவணத்தைப் படிக்க முடியவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலையை விட்டு எடுத்தால் மத்திகிரி வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தாள். இரண்டு நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

விபத்து நடந்து ஒன்பது நாள் கழித்துப் பவளம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். போர்டில் அதே நோட்டீஸ் இருந்தது. திருத்த விண்ணப்பம், தமிழ் தெரிந்த சரிபார்ப்பாளர் இல்லை என்று புனேவில் நின்றிருந்தது. பவளம் ஒற்றைக் கண்ணால் அதைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். நேராக பர்சனல் செக்‌ஷனுக்கு வந்தாள்.

"இன்னும் அப்படியே வச்சிருக்கீங்களே கண்ணு. மாத்தறதுக்கு யாரைக் கேக்கணும்?"

ரஞ்சிதா அவளை மெஷினுக்குக் கூட்டிப்போனாள். அட்டை, கீழ்ப் பட்டன், மூன்றாவது வரி, அனுப்புவதற்குப் பச்சை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள் பவளம். டீ நேரத்தில் ராஜாத்தியை அழைத்து வந்தாள். ராஜாத்தி தன் வரிசையையே அழைத்து வந்தாள். மூன்றாவது வரி, பச்சை என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மோல்டிங் செக்‌ஷன் ஆண்களும் வந்தார்கள். அவர்கள் பகுதி போர்டிலும் டூல் செய்த நோட்டீஸ் ஒன்று இருந்தது. இரண்டு நாளில் நூற்று நாற்பத்தேழு டிக்கெட்.

மூன்றாம் நாள் காலை ஜெகதீஷுக்கு புனேவிலிருந்து போன். கதவு மூடியிருந்தும் அவர் சார் சார் என்று சொல்வது வெளியே கேட்டது. முடிந்ததும் ரஞ்சிதாவைக் கூப்பிட்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"சொன்னேன் சார். மூணு தடவை."

"மெயில் போடணும்னுதான் இருந்தேன்." மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். "எனக்குத் தமிழ் படிக்க வராதுமா. வந்திருந்தா அதை ஒட்டியிருக்க மாட்டேன்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அடுத்த வாரம் அவள் திரையின் மூலையில் தமிழ் கீபோர்டு வந்தது. அவள் பழகிய டைப்ரைட்டர் முறை அதில் இல்லை, வேறு வரிசை. 'க' இருக்க வேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்தது. பதினாறு வயதிலிருந்து ஓடிய விரல்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் தடுமாறின. கீபோர்டைக் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் ஒன்பது வரியை அடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. நம்பரோடு அச்சாகிப் போர்டுக்குப் போனது. பவளம் வந்து படித்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

பழைய சாப்ட்வேருக்கு அனுமதி இல்லை என்று தனியாக ஒரு பதில் வந்தது. மெஷினிலிருந்த ஹெல்ப் பட்டன், இனி மேனேஜர் ஒப்புதலுக்குப் பிறகே புனேவுக்குப் போகும் என்று மாற்றப்பட்டது. ரஞ்சிதாவுக்கு ஒரு அறிவுரைக் கடிதம் வந்தது: குறைகளை உரிய வழியில் தெரிவிக்கவும். ஊழியர்களின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை என்பதால், தன் ஃபைலை எடுத்துத் துளை போட்டு அந்தக் கடிதத்தைத் தானே கோர்த்து வைத்தாள்.

பொங்கல் விடுமுறை நோட்டீஸுக்காகப் போன வருடத்து ஃபைலைத் திறந்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. பட்டியலில் இல்லாத எழுத்துருக்களையும் அந்த வாரம் நீக்கியிருந்தார்கள். எட்டு வருடத்து நோட்டீஸ்களும் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தன. முனிராஜ் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "டிக்கெட் போடலாங்க. ஆனா..." என்று நிறுத்தினான்.

"ஒருத்தின்னுதான் போடணும்" என்றாள் ரஞ்சிதா.

அவன் போன பிறகு அந்தக் கலைந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் இருந்த ஆங்கில எழுத்துகள் மேல் கண் போகப் போக, அவள் விரல்கள் மேஜை விளிம்பில் தாமாக அசைந்தன. அந்தப் பழைய எழுத்துருவில், அவள் அன்று எந்த விசையைத் தட்டினாளோ அந்த ஆங்கில எழுத்துதான் பதிவாகியிருந்தது. விரல் போன இடத்தை வைத்துச் சொல் தெரிந்தது. 'தொழிலாளர்கள்' என்று வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த சொல், 'அனைவருக்கும்.'

ஒரு வரியை விரலால் வாசித்து, அதைப் புதுக் கீபோர்டில் இரண்டு விரலால் அடித்தாள். ஒரு நோட்டீஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தம் எழுநூற்றுக்கு மேல் இருந்தன. நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடம் தாண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வாயில் வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு, அடுத்த ஃபைலைத் திறந்தாள்.